முதல் பட்டம் வென்ற கிளப் ஏழே வருடத்தில் ஆட்டத்தையே மாற்றியது ஏன்? மானிங்ஹாம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ரக்பியின் இரண்டு வகைகளில் ஒன்றான ரக்பி லீக்கில் முதன்முதலில் சாம்பியன் ஆன கிளப் எது என்று கேட்டால் விகன், லீட்ஸ், ஹடர்ஸ்ஃபீல்டு என்று பெரிய பெயர்கள்தான் முதலில் வாயில் வரும். சரியான பதில் மானிங்ஹாம். இங்கிலாந்தின் யார்க்ஷரில், கம்பளி நூற்றுப் பெருத்த பிராட்ஃபோர்டு நகரத்தின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பகுதியின் பெயர் அது. 1895-96 பருவத்தில் 22 அணிகள் மோதிய முதல் போட்டித் தொடரில் முதலிடம் பிடித்த அந்த கிளப், 1903 மே மாதம் ரக்பியையே தலைமுழுகிவிட்டு கால்பந்துக்குப் போனது. மைதானம் அதே மைதானம், சட்டை நிறம் அதே கருஞ்சிவப்பும் மஞ்சளும், உறுப்பினர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். பெயர் மட்டும் பிராட்ஃபோர்டு சிட்டி என்று மாறியது. அந்தப் பெயரில் அது இன்றைக்கும் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ரக்பிக்காரர்கள் இதைத் துரோகக் கணக்கில் எழுதுவார்கள், கால்பந்துக்காரர்கள் தொலைநோக்குக் கணக்கில் எழுதுவார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. 1895-இல் லண்டன் நிர்வாகத்தை உதறிவிட்டு வெளியேறியபோது அந்த கிளப் போட்ட கணக்கும் 1903-இல் போட்ட கணக்கும் ஒரே கணக்குதான்: வாசலில் டிக்கெட் விற்று மைதானத்தைக் காப்பாற்ற முடியுமா, முடியாதா. மானிங்ஹாமின் ரக்பியைச் சாய்த்தது 1903 வாக்கெடுப்பு அல்ல, அதற்கு முன்னால் 1896-லும் 1901-லும் எடுக்கப்பட்ட இரண்டு முடிவுகள் என்பதுதான் என் வாதம்.

அரை நாள் சனிக்கிழமை

ரக்பி ஏன் இரண்டாகப் பிரிந்தது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1871-இல் லண்டனில் ரக்பி சங்கம் உருவானது. நடத்தியவர்கள் பெரும்பாலும் காசு கட்டிப் படிக்கும் பெரிய பள்ளிகளில் படித்த வசதியான ஆட்கள். ஆடுகிறவனுக்கு ஒரு பைசா கூடக் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. வடக்கே நிலைமை வேறு. 1850 தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பிறகு நெசவாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வேலை முடிய வேண்டும், 1874-இல் அது இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் வந்தது. அந்த அரை நாள் ஓய்வில்தான் வடக்கின் விளையாட்டு வளர்ந்தது, ஆடுவதும் சரி, காசு கொடுத்துப் பார்ப்பதும் சரி.

சிக்கல் எங்கே வந்தது என்றால், வெளியூர் ஆட்டம் என்றால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும். அப்போது அரை நாள் கூலி போகும். வாரநாளில் ஆட்டம் வைத்தால் முழு நாள் கூலி போகும். ஆலையில் நிற்கிறவனுக்கும் சுரங்கத்தில் இறங்குகிறவனுக்கும் அது வீட்டு அரிசிப் பணம் மாதிரி. ஆக, ஆட்டத்துக்குச் சம்பளம் வேண்டாம், ஆட்டத்தால் இழந்த கூலியை மட்டும் ஈடு செய்யலாமா என்று யார்க்ஷர் கிளப்புகள் கேட்டன. 1893 செப்டம்பரில் லண்டனில் நடந்த சங்கப் பொதுக்கூட்டத்தில் யார்க்ஷர் தரப்பின் ஜேம்ஸ் மில்லர் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 282-க்கு 136 என்று தோற்றது. எதிர்த்து விழுந்த ஓட்டுகளில் நூற்றுக்கும் மேலானவை கூட்டத்துக்கே வராத கிளப்புகளின் பதிலி ஓட்டுகள். வடக்கத்தி ஆட்கள் ரயில் பிடித்து லண்டன் வரை வந்து ஓட்டுப் போட, தெற்கே இருந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே காகிதத்தைக் கொடுத்தனுப்பினார்கள். அந்தக் கோபம் வடக்கே இரண்டு வருடம் தணியவில்லை.

மானிங்ஹாம் பகுதியைப் பற்றிப் பேசும்போது அங்கே இருந்த லிஸ்டர் ஆலையை விட்டுவிட முடியாது. பட்டும் வெல்வெட்டும் நெய்த பிரம்மாண்டமான ஆலை, 249 அடி உயரப் புகைபோக்கி ஊர் முழுக்கத் தெரியும். 1890 டிசம்பரில் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியதைக் காரணம் காட்டி நிர்வாகம் கூலியைக் குறைத்தது. வேலைநிறுத்தம் தொடங்கி 1891 ஏப்ரல் வரை 19 வாரம் நீண்டது. நகரத் தெருக்களில் ராணுவம் இறங்கியது, கடைசியில் தொழிலாளர்கள் தோற்றார்கள். அந்தத் தோல்வியின் தொடர்ச்சியாகத்தான் 1893 ஜனவரியில் இதே பிராட்ஃபோர்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி தொடங்கப்பட்டது. இழந்த கூலியை ஈடு செய்வது பற்றிய ரக்பி வாக்கெடுப்பும் அதே 1893-இல்தான். ஒன்றுக்கு ஒன்று நேரடிக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூலி என்ற ஒன்று அந்த ஊரில் எவ்வளவு சூடான விஷயமாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், பின்னால் ஒரு நாள் கூலிக்கு ஈடாக நிர்ணயித்த வெறும் 6 ஷில்லிங்குக்காக ஏன் இத்தனை பேர் முறுக்கிக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு

கிளப் 1880-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் கார்லைல் சாலையில் ஆடினார்கள். அந்த இடத்தில் பள்ளிக்கூடம் கட்ட வேண்டியிருந்ததால் காலி செய்ய வேண்டிய கட்டாயம். கிடைத்த புது இடம் மானிங்ஹாம் லேன் என்ற பெரிய சாலைக்குக் கீழே, மலைச்சரிவில், மிட்லண்ட் ரயில்வே கம்பெனியின் வசம் இருந்த நிலம். ஒரு பகுதியை வாங்கி மீதியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். சரிவை வெட்டிச் சமன் செய்வது, பார்வையாளர் மேடை அமைப்பது எல்லாமாகச் சேர்த்து 1,400 பவுண்டு செலவானது. பழைய மைதானத்திலிருந்த மேடை ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள் என்பதிலிருந்தே கை எவ்வளவு இறுக்கம் என்று தெரிகிறது. 1886 செப்டம்பரில் வேக்ஃபீல்டு டிரினிட்டியுடன் முதல் ஆட்டம். அந்த மைதானம்தான் வேலி பரேட்.

வேலி பரேடில் அப்போது ஆட்டக்காரர்கள் உடை மாற்றத் தனி அறை கிடையாது. மேலே பெரிய சாலையில் இருந்த பெல் வியூ ஓட்டலில் உடை மாற்றிக்கொண்டு, சரிவில் இறங்கி மைதானத்துக்கு வருவார்கள். ஆட்டம் முடிந்ததும் சேறும் சகதியுமாக அதே மேட்டில் ஏற வேண்டும். 18,000 பேர் நிற்கலாம் என்று கணக்கிட்ட இடம், ஆனால் பாதுகாப்பு ஏற்பாடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 1888 கிறிஸ்துமஸ் அன்று ஹெக்மண்ட்வைக் அணியுடன் ஆடியபோது ஓரத்துத் தடுப்புக் கம்பி சரிந்து ஒரு சிறுவன் இறந்துபோனான். 1985-இல் 56 பேரைப் பலிகொண்ட தீ விபத்து நடந்ததும் இதே வேலி பரேடில்தான்.

மைதானத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1886-க்குப் பிறகு மானிங்ஹாம் என்பது ஒரு அணி மட்டுமல்ல, ஒரு நிலம், ஒரு குத்தகை, அதன்மேல் போட்ட முதல். இதைக் காப்பாற்ற வாரா வாரம் வாசலில் காசு விழுந்தாக வேண்டும். இதற்கப்புறம் இந்த கிளப் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அந்தக் கட்டாயம் தெரியும்.

இன்னொரு தலைவலி, அதே ஊரில் இன்னொரு கிளப். 1863-இலேயே தொடங்கிய பிராட்ஃபோர்டு கிளப்புக்கு பார்க் அவென்யூ என்ற வசதியான மைதானம், பக்கத்திலேயே யார்க்ஷர் கவுண்டி அணி கிரிக்கெட் ஆடும் திடல். பணமும் செல்வாக்கும் அங்கே. மானிங்ஹாமுக்கு எப்போதும் இரண்டாம் இடம்தான், ஆட்டத்தில் அல்ல, ஊரின் பார்வையில். ஒரு நகரம் இரண்டு பெரிய ரக்பி கிளப்புகளைத் தாங்குமா என்ற கேள்வி அப்போதே இருந்தது, அதற்குக் கடைசிவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

ஜார்ஜ் ஓட்டல், அப்புறம் 42 ஆட்டம்

1895 ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை. ஹடர்ஸ்ஃபீல்டு ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் ஜார்ஜ் ஓட்டலில் யார்க்ஷர், லங்காஷர் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். 21 கிளப்புகள் வந்திருந்தன. டியூஸ்பரி மட்டும் பின்வாங்க, ஸ்டாக்போர்ட் தொலைபேசியில் சம்மதம் சொல்லிச் சேர்ந்துகொண்டது. நார்தர்ன் யூனியன் என்ற புது அமைப்பு அன்றைக்குப் பிறந்தது. (ரக்பி லீக் என்ற பெயர் அமைப்புக்கு வந்தது 1922-இல்தான்.) சில நாளில் ரன்கார்னும் சேர, மொத்தம் 22. மானிங்ஹாமும் பிராட்ஃபோர்டும் இரண்டுமே உள்ளே. ஒரு நாள் கூலி இழப்புக்கு அதிகபட்சம் 6 ஷில்லிங் தரலாம் என்பது விதி. இது சம்பளம் இல்லை, ஈடுதான் என்று அழுத்திச் சொன்னார்கள்; வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்க அனுமதி 1898-இல்தான் வந்தது, அதற்கும் ஆட்டக்காரன் உண்மையான வேலை ஒன்றில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள்.

ஒன்பதே நாளில், செப்டம்பர் 7 அன்று, முதல் ஆட்டங்கள் நடந்தன. அந்தப் பருவத்தின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். 22 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுடனும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. ஆக ஒரு அணிக்கு 42 லீக் ஆட்டம். செப்டம்பர் 7-க்கும் ஏப்ரல் கடைசிக்கும் நடுவே 34 சனிக்கிழமைகள்தான் இருக்கின்றன. மீதியை வாரநாட்களிலும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளிலும் ஆடித் தீர்க்க வேண்டும். இழந்த கூலிக்காகப் பிரிந்து வந்தவர்கள் முதல் வருடமே அதிகக் கூலியை இழக்கும்படியான அட்டவணையைப் போட்டுக்கொண்டார்கள். காரணம் பணத்தாசை என்று நான் நினைக்கவில்லை. பழைய சங்கத்துடன் உறவு முறிந்துவிட்டது, அங்கேயே இருந்துவிட்ட கிளப்புகளுடன் ஆட முடியாது, பழக்கப்பட்ட பாதி எதிரணிகள் போய்விட்டன. காலி நாட்களை நிரப்ப வேறு வழியே இல்லை.

ஆட்டம் இன்னும் பழைய ரக்பிதான். பக்கத்துக்கு 15 பேர், லைன்-அவுட் (பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை இரண்டு வரிசை ஆட்களுக்கு நடுவே எறிவது) உண்டு. பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்கும் ட்ரைக்கு 3 புள்ளி, ஓடும் ஆட்டத்திலேயே பந்தைத் தரையில் விட்டு உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பும் டிராப் கோலுக்கு 4. லைன்-அவுட்டை 1897-இல் எடுத்தார்கள், ஆட்டக்காரர்களை 13 ஆகக் குறைத்தது 1906-இல். எனவே மானிங்ஹாம் பட்டம் வென்றது இன்று நாம் தொலைக்காட்சியில் பார்க்கிற ரக்பி லீக்கில் அல்ல. வடக்கத்தி மழையில், ஸ்க்ரம் (இரண்டு அணி ஆட்களும் கூட்டமாக முட்டித் தள்ளுவது) மேல் ஸ்க்ரமாக நகரும், எண்ணி எண்ணிப் புள்ளி எடுக்கும் ஆட்டம் அது.

பட்டியலின் கடைசி நிலையைப் பார்த்தால் அணியின் குணம் தெரியும். மானிங்ஹாம்: 42 ஆட்டம், 33 வெற்றி, 9 தோல்வி, ஒரு டிரா கூட இல்லை, 66 புள்ளி. ஹாலிஃபாக்ஸ்: 30 வெற்றி, 5 டிரா, 7 தோல்வி, 65 புள்ளி. ஹாலிஃபாக்ஸ் தோற்ற ஆட்டங்கள் மானிங்ஹாம் தோற்றதைவிட இரண்டு குறைவு, ஆனாலும் பட்டம் போனது. ஐந்து டிராவில் ஒன்றே ஒன்று வெற்றியாக மாறியிருந்தால் இரண்டு அணியும் 66 என்று சமமாக நின்றிருக்கும். மானிங்ஹாம் எடுத்த புள்ளிகள் 367, விட்டுக்கொடுத்தவை 158. அதாவது ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 9 கூட எடுக்கவில்லை, எதிரணிக்கு 4 கூடக் கொடுக்கவில்லை. பிடியை விடாத தடுப்பாட்டக்கார அணி. ஆல்ஃப் பாரக்ளோ அணித் தலைவர், கடைசித் தடுப்பாக நிற்கும் ஃபுல் பேக் ஜார்ஜ் லாரிமர் 106 புள்ளிகள் எடுத்து அந்தப் பருவத்தின் அதிகப் புள்ளிக்காரர்.

முடிவு கடைசி ஆட்டம் வரை போனது. லீட்ஸ் நகரின் தெற்கே ஹன்ஸ்லெட் அணியின் பார்க்சைடு மைதானத்தில் ஜெயித்தே ஆக வேண்டும். மானிங்ஹாம் 4-0 என்று ஜெயித்தது. ஒரே ஒரு டிராப் கோல், அவ்வளவுதான். எட்டு மாதம், 42 ஆட்டம், கடைசியில் ஒருவன் காலிலிருந்து பறந்த ஒரு பந்து. அது கம்பத்துக்கு நடுவே போகாமல் விலகியிருந்தால் நான் இன்றைக்கு ஹாலிஃபாக்ஸைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன், மானிங்ஹாம் இன்னும் ஆழமாகப் புதைந்திருக்கும்.

ஜெயித்த கையோடு

இங்கேதான் நான் முதலில் சொன்ன 1896 முடிவு வருகிறது. 42 ஆட்டம் எல்லோருக்கும் மூச்சு முட்டியது, பயணச் செலவு கடித்தது, புதிதாக வேறு சில கிளப்புகளும் உள்ளே வந்தன. எனவே அடுத்த பருவத்திலிருந்து ஒரே லீக் என்பதைக் கைவிட்டு யார்க்ஷருக்கு ஒன்று, லங்காஷருக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். நிர்வாகப் பார்வையில் நியாயமான முடிவு. ரயில் கட்டணம் குறையும், ஆட்களுக்குச் சிரமம் குறையும். ஆனால் மானிங்ஹாம் மாதிரி கிளப்புக்கு இதன் விளைவு வேறு. ஓல்டம், பிராட்டன் ரேஞ்சர்ஸ், ரன்கார்ன் என்று லங்காஷர் பக்கத்துப் பலமான அணிகள் வேலி பரேடுக்கு லீக் ஆட்டத்துக்கு வருவது நின்றுபோனது. சாம்பியன் என்ற பெயரை வைத்துக் கூட்டம் சேர்க்க வேண்டிய வருடத்தில், காட்டுவதற்குப் பழைய உள்ளூர் எதிரிகள்தான் மிச்சம். அவர்களை இந்த ஊர்க்காரர்கள் பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேசியப் பட்டம் என்ற ஒன்றே அதோடு சில வருடம் காணாமல் போனது, அதனால் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பு கூட மானிங்ஹாமுக்குக் கிடைக்கவில்லை.

மாற்றாக 1896-97-இல் தோற்றால் வெளியேறும் முறையில் ஆடும் சேலஞ்ச் கோப்பை வந்தது. கோப்பையைச் செய்தது பிராட்ஃபோர்டு நகை வணிகர்களான ஃபத்தோரினி நிறுவனம், விலை 60 பவுண்டு. முதல் கோப்பையை பேட்லி வாங்கிப் போனது. அதே குளிர்காலத்தில், 1897 தொடக்கத்தில், லாரிமர் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். இருபதுகளின் நடுவில் இருந்த ஆள், போன வருடம்தான் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். ஒரு கிளப்பின் சரிவுக்கு ஒரே ஆளைக் காரணம் காட்டுவது சோம்பேறித்தனம், ஆனால் குறைந்த புள்ளிகளில் ஆட்டம் முடியும் காலத்தில் நம்பகமாகக் கோல் உதைக்கிற ஆள் போனால் எத்தனை 4-0 கைவிட்டுப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

1898-இல் சம்பளம் வெளிப்படையானதும் இடைவெளி இன்னும் விரிந்தது. பணம் உள்ளவன் நல்ல ஆளை வாங்குவான், நல்ல ஆள் இருக்கிற இடத்துக்குக் கூட்டம் போகும், கூட்டம் போகிற இடத்தில் பணம் சேரும். பார்க் அவென்யூ அந்தச் சுழலின் மேல்பக்கத்தில், வேலி பரேடு கீழ்ப்பக்கத்தில்.

பிறகு 1901. யார்க்ஷர், லங்காஷர் இரண்டு பக்கத்துப் பெரிய கிளப்புகள் 14 சேர்ந்து, உள்ளூர்ப் பிரிவுகள் போதும், நாங்கள் தனியாக ஒரு லீக் ஆடிக்கொள்கிறோம் என்று கிளம்பின. 1896-இல் மூடிய கதவை ஐந்து வருடம் கழித்து அவர்களுக்கு மட்டும் திறந்துகொண்டார்கள் என்று சொல்லலாம். பிராட்ஃபோர்டு உள்ளே. மானிங்ஹாம் வெளியே. முதல் சாம்பியன் வெளியே நிற்க, அந்த லீக் தொடங்கியது. சரியாகச் சொன்னால் லீட்ஸும்தான் வெளியே நின்றது, எனவே இது மானிங்ஹாம் மேல் மட்டும் இருந்த வெறுப்பு அல்ல. ஆனால் லீட்ஸுக்கு ஊரில் நின்று பிடிக்க வேறு பலம் இருந்தது. மானிங்ஹாமுக்கோ, ஒரே நகரத்தில் சனிக்கிழமை மதியம் ரசிகன் முன்னால் இருந்த தேர்வு இப்படி ஆனது: இந்தப் பக்கம் பார்க் அவென்யூவில் வடக்கின் மிகச் சிறந்த அணிகள், அந்தப் பக்கம் வேலி பரேடில் மிச்சமானவர்கள். எந்தப் பக்கம் கால் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1902-இல் இரண்டாம் பிரிவு என்று ஒன்று அமைத்து 18 கிளப்புகளைச் சேர்த்தார்கள். மானிங்ஹாமுக்கு அதில் இடம் கிடைத்தது. கூடவே யாரெல்லாம் என்று பாருங்கள்: வடகிழக்குக் கடற்கரையில் சவுத் ஷீல்ட்ஸ், வடமேற்கு மூலையில் பாரோவும் மில்லமும், மேற்கே பர்கன்ஹெட், லங்காஸ்டர், மோர்கம். 1896-இல் பயணச் செலவு தாங்கவில்லை என்று லீக்கைப் பிரித்தவர்கள், இப்போது அதைவிடத் தூரமான ஊர்களுக்கு, அதைவிடக் குறைந்த வரும்படி தரும் ஆட்டங்களுக்கு இந்தச் சின்ன கிளப்புகளை அனுப்பினார்கள். மில்லம் வரை ஒரு அணியை ரயிலில் கூட்டிப்போய், இழந்த கூலியும் கொடுத்து, திரும்பிக் கூட்டிவந்தால் கையில் என்ன நிற்கும்? மில்லம் இங்கே வந்தால் அதைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? அந்தப் பருவத்தை மானிங்ஹாம் பட்டியலின் நடுப்பகுதியில் முடித்தது. மேலே ஏறுவதற்கான அறிகுறி ஒன்றும் இல்லை.

1903 மே

கால்பந்து யோசனையைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வைட், பிராட்ஃபோர்டு அப்சர்வர் நாளிதழின் துணை ஆசிரியர், ஸ்காட்லாந்துக்காரர். 1903 ஜனவரியில் கால்பந்துச் சங்கத்தின் பிரதிநிதி ஜான் பிரண்ட்டை வேலி பரேடில் சந்தித்துப் பேசினார். அந்த வட்டாரத்தில் கால்பந்து முன்பே ஒருமுறை முயன்று பார்த்துத் தோற்றது. பார்க் அவென்யூவில் 1895-இல் ஒரு கால்பந்துப் பிரிவு தொடங்கி 1899-இல் மூடிவிட்டார்கள். எனவே வைட் சொன்னதை யாரும் உடனே தூக்கிப் பிடித்துக் கொண்டாடவில்லை. மானிங்ஹாம் நிர்வாகம் பணத்துக்கு என்னென்னவோ செய்து பார்த்தது, அதில் ஒன்று வில்வித்தைப் போட்டி. ரக்பி கிளப் தன் கடனை அடைக்க அம்பு விடும் போட்டி நடத்துகிறது என்றால் நிலவரம் எப்படி இருந்திருக்கும்! அதில் ஏதோ கொஞ்சம் பணம் வந்தது என்பதும் உண்மை.

இதில் சுவாரஸ்யமான ஆள் கால்பந்து லீக்தான். பிராட்ஃபோர்டு, லீட்ஸ், ஹடர்ஸ்ஃபீல்டு, ஹாலிஃபாக்ஸ் என்று அந்தக் கம்பளி நகரங்கள் முழுக்க ரக்பியின் கோட்டை, அங்கே அவர்களுக்கு ஒரு உறுப்பினர் கூடக் கிடையாது. 2.8 லட்சம் பேர் வாழும் ஊர், 1897-இல் நகர அந்தஸ்து பெற்ற ஊர், தயாராக ஒரு மைதானம். விடுவார்களா? மே 25 அன்று லீக்கின் கூட்டத்தில் பிராட்ஃபோர்டு சிட்டிக்கு 30 ஓட்டு, இரண்டாம் டிவிஷனில் இடம், டான்காஸ்டர் ரோவர்ஸ் வெளியே. அப்போது பிராட்ஃபோர்டு சிட்டியிடம் ஒரு ஆட்டக்காரன் கூட இல்லை. அதைவிட முக்கியம், மானிங்ஹாம் உறுப்பினர்கள் ரக்பியை விடுவதாக இன்னும் ஓட்டே போடவில்லை. அந்தக் கூட்டம் நான்கு நாள் கழித்து மே 29 அன்று நடந்தது. 75 பேர் கால்பந்து பக்கம், 34 பேர் ரக்பி பக்கம்.

மே 25 முடிவு கையில் இருந்ததால்தான் மே 29 அப்படி முடிந்தது. 34 பேருக்கு எதிராக நின்றது வெறும் யோசனை அல்ல, கையில் வந்துவிட்ட லீக் இடம். ரக்பி பக்கம் பேசினவர்களிடம் அதற்கு ஈடாகக் காட்ட என்ன இருந்தது? அடுத்த வருடமும் மில்லம் பயணம்.

அப்புறம் வேகமாக நடந்தது. ராபர்ட் கேம்பெல் மேலாளர், மூன்று மாதத்தில் 900 பவுண்டுக்குச் சற்று அதிகமாகச் செலவு செய்து ஒரு அணியைக் கூட்டினார்கள். செப்டம்பர் 1 அன்று கிரிம்ஸ்பியில் 2-0 தோல்வி, செப்டம்பர் 5 அன்று சொந்த மைதானத்தில் கெயின்ஸ்பரோ டிரினிட்டியிடம் 3-1 தோல்வி. ஆனால் அந்த இரண்டாவது ஆட்டத்துக்கு வந்தவர்கள் 11,000 பேர். தோற்ற அணியின் நிர்வாகிகள் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 1908-இல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள், 1911-இல் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பையையே வென்றார்கள், ஜிம்மி ஸ்பியர்ஸ் அடித்த ஒரே கோலில். அந்த வருடம் புதிதாகச் செய்யப்பட்ட அந்தக் கோப்பையும் ஃபத்தோரினி கடைச் சரக்குதான்.

பழி யார் மேல்?

மானிங்ஹாம் ஒரு தனிப்பட்ட விபத்து என்றால் விட்டுவிடலாம். ஆனால் பக்கத்து லீட்ஸில் ஹோல்பெக் என்ற கிளப்புக்கும் அடுத்த வருடமே இதே கதி. இரண்டாம் பிரிவிலிருந்து மேலே ஏறும் தீர்மான ஆட்டத்தில் 1904-இல் செயின்ட் ஹெலன்ஸிடம் தோற்றது, கலைந்தது. அதன் மைதானமான எல்லண்ட் ரோடுக்குள் லீட்ஸ் சிட்டி கால்பந்து கிளப் குடியேறியது. பட்டம், பெயர், வரலாறு எதுவும் காப்பாற்றவில்லை. நார்தர்ன் யூனியன் தன் மேல்தட்டுக் கிளப்புகளைக் காப்பாற்றப் போட்ட திட்டம், நகரங்களின் நடுவே நல்ல மைதானம் வைத்திருந்த இரண்டாம் தட்டுக் கிளப்புகளைத் தட்டில் வைத்துக் கால்பந்துக்குக் கொடுத்தது. இதை அப்போது யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

ஊரில் ரக்பிக்கு ஆளே இல்லாமல் போனதால் மாறினார்கள் என்ற வாதம் நிற்காது. மானிங்ஹாம் போன அடுத்த பருவத்திலேயே, 1903-04-இல், பார்க் அவென்யூவின் பிராட்ஃபோர்டு லீக் பட்டம் வென்றது, 1906-இல் சேலஞ்ச் கோப்பையும் வாங்கியது. ஆனால் வேலி பரேடின் டிக்கெட் வசூலை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவர்களும் 1907-இல் ரக்பியை விட்டுக் கால்பந்துக்குப் போனார்கள். பிராட்ஃபோர்டு ரக்பி வட்டாரத்தில் பெருந்துரோகம் என்று இன்றும் சொல்வது இதைத்தான், மானிங்ஹாமை அல்ல. ரக்பியை விட மனமில்லாதவர்கள் பிரிந்து பிராட்ஃபோர்டு நார்தர்ன் என்று புதிதாகத் தொடங்கினார்கள். மைதானம் மைதானமாக அலைந்து 1934-இல் ஆட்ஸலில் நிலைத்தார்கள், இன்றைய பிராட்ஃபோர்டு புல்ஸ் அவர்கள்தான். கால்பந்துக்குப் போன பார்க் அவென்யூவோ 1970-இல் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு 1974-இல் திவாலானது. ஆகவே கால்பந்துக்குப் போனவன் பிழைத்தான், ரக்பியில் நின்றவன் செத்தான் என்று இந்த ஊரை வைத்து யாரும் கணக்குப் போட முடியாது.

1907-இல் இன்னொன்றும் நடந்தது. பார்க் அவென்யூ தரப்பு, இரண்டு கிளப்பும் சேர்ந்து ஒரே கால்பந்து கிளப்பாகிவிடலாம் என்று பிராட்ஃபோர்டு சிட்டியைக் கேட்டது. பணமும் வசதியும் அந்தப் பக்கம்தான் அதிகம், இணைந்தால் லாபம் என்று சொல்ல நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனால் இணைந்தால் வேலி பரேடு போய்விடும். நான்கு வருடம் முன்னால் 75-க்கு 34 என்று ஆட்டத்தையே மாற்றச் சம்மதித்த அந்த கிளப், இந்தத் தடவை உறுப்பினர்களைக் கூட்டி ஓட்டெடுத்தது. இணைப்புக்கு ஆதரவு 487, எதிர்ப்பு 1,031.